முதல் வேலை தேடுபவருக்கு: விளம்பரத்தைப் படிப்பதிலிருந்து ஆஃபர் லெட்டரில் கையெழுத்து போடுவது வரை

பட்டம் வாங்கிய கையோடு வேலை தேடத் தொடங்குபவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் என்னிடம் கேட்டுவிடும் கேள்வி இது: "எல்லா இடத்திலும் அனுபவம் கேட்கிறார்கள். யாருமே வேலை கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும்?" நியாயமான கேள்விதான். நேர்காணல் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால், அந்தப் பக்கம் இருப்பவரின் மனதில் என்ன ஓடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதியவரிடம் அவர் முழுத் திறமையை எதிர்பார்ப்பதில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கே தெரியும். ஆனால் சில சந்தேகங்கள் இருக்கும். இவர் சொன்னால் பிடித்துக்கொள்வாரா? புரியாதபோது வாய்விட்டுக் கேட்பாரா, இல்லை மூன்று நாள் மறைத்து வைத்துவிட்டுக் கடைசியில் கையை விரிப்பாரா? ஒப்புக்கொண்டதை முடித்துத் தருவாரா? இரண்டே மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாரா? ஏற்கெனவே ஓரிடத்தில் வேலை பார்த்தவர் என்றால் இந்தக் கேள்விகளுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டதாக அவர் எடுத்துக்கொள்கிறார். விளம்பரத்தில் 'அனுபவம் தேவை' என்று போடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தப் பதிலை நீங்கள் வேறு வழியில் கொடுக்கலாம். கல்லூரியில், பகுதிநேர வேலையில், வீட்டுத் தொழிலில், தன்னார்வப் பணியில் நீங்கள் செய்தவற்றிலேயே அதற்கான சான்றுகள் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, எதிரில் இருப்பவருக்குத் தெரியும்படி வைப்பதுதான் வேலை தேடுவதில் முக்கால்வாசி.

முதல் வாரம்: விண்ணப்பிக்க வேண்டாம், படியுங்கள்

கையில் கிடைத்த விளம்பரத்துக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருப்பது உழைப்பதுபோலத் தோன்றும். பலன் குறைவு. முதல் வாரம் எங்கும் அனுப்பாமல், உங்களுக்குப் பொருந்தும் என்று தோன்றும் 25 விளம்பரங்களைச் சேகரியுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு விளம்பரமும் கேட்கும் திறன்களை வரிசையாக எழுதி, திரும்பத் திரும்ப வருபவற்றுக்குக் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். 25இல் 18 விளம்பரங்கள் எக்செல் கேட்கின்றன, நான்கு மட்டும்தான் ஒரு குறிப்பிட்ட மென்பொருளைக் கேட்கின்றன என்றால், அடுத்த இரண்டு வாரம் எதைப் படிக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

ஒரே வேலைக்குப் பல பெயர்கள் இருப்பதும் அப்போதுதான் புரியும். டிரெய்னி, ஜூனியர், அசோசியேட், அசிஸ்டென்ட், அப்ரென்டிஸ் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். பெயரைப் பார்த்து ஒதுக்காமல், அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியைப் படியுங்கள். 'கட்டாயம்' என்று இருப்பது வேறு, 'இருந்தால் நல்லது' என்று இருப்பது வேறு. கட்டாயமானவற்றில் பெரும்பகுதி உங்களிடம் இருந்தால், 'ஓராண்டு அனுபவம்' என்று போட்டிருந்தாலும் விண்ணப்பியுங்கள். எட்டு ஆண்டு கேட்டால் விட்டுவிடலாம். உரிமம் அல்லது குறிப்பிட்ட பட்டம் சட்டப்படி தேவைப்படும் வேலைகளில் மட்டும் இந்தத் தளர்வு கிடையாது.

உங்கள் கணக்கை எடுங்கள்

ஒரு மாலை முழுவதும் இதற்கு ஒதுக்குங்கள். கடந்த நான்கைந்து ஆண்டுகளில் நீங்கள் செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள்: பிராஜெக்ட், இன்டர்ன்ஷிப், டியூஷன் எடுத்தது, விழா ஏற்பாடு, பெற்றோரின் தொழிலுக்குக் கணக்கு எழுதியது, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று கேள்விகள். அப்போது நிலைமை என்னவாக இருந்தது? நான் என்ன செய்தேன்? அதனால் என்ன மாறியது?

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தங்களைக் குறைத்து எடைபோடுகிறார்கள். வேதியியல் படித்த ஒரு பெண் என்னிடம் வந்திருந்தார். ரெஸ்யூமேயில் 'ஆய்வகப் பணிகளில் உதவினேன்' என்று ஒரே வரி. என்ன உதவி என்று கேட்டேன். "ஒன்றுமில்லை சார், பாட்டில்களை எண்ணிப் பட்டியல் போட்டேன்" என்றார். எத்தனை பாட்டில், எதற்காக, அதற்குமுன் எப்படி இருந்தது என்று தோண்டியபோது முழுக் கதையும் வந்தது. ஆய்வகத்தில் பழைய நோட்டு ஒன்றுதான் இருந்திருக்கிறது. அதை நம்பி, இருக்கிற பொருளையே மறுபடியும் வாங்கியிருக்கிறார்கள். இவர் இரண்டு வாரம் மாலை நேரங்களில் தங்கி, 140 வேதிப்பொருட்களை எக்செலில் ஏற்றி, காலாவதியாகப் போகிறவை தனி நிறத்தில் தெரியும்படி செய்திருக்கிறார். யாரும் செய்யச் சொல்லவில்லை. அதை 'ஒன்றுமில்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் சந்தேகங்களில் மூன்றுக்கு அந்த ஒரே வேலையில் பதில் இருந்தது.

அந்த வரியை இப்படி மாற்றினோம்: 'ஆய்வகத்தின் 140 வேதிப்பொருட்களின் இருப்பை எக்செலில் ஏற்றி, காலாவதி தேதி நெருங்குபவை தானே தெரியும்படி அமைத்தேன். அடுத்த பருவத்தில் ஒரே பொருளை இருமுறை வாங்குவது நின்றது.' கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. நடந்ததைத்தான் எழுதினோம்.

இப்படி ஆறு அல்லது ஏழு சம்பவங்களாவது கையில் சேர வேண்டும். ரெஸ்யூமேயும் இதிலிருந்துதான் வரும், நேர்காணல் பதில்களும் இதிலிருந்துதான் வரும்.

ரெஸ்யூமே

புதியவருக்கு ஒரு பக்கம் போதும். தி லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம், ஆள் எடுப்பவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு ரெஸ்யூமேயின் மேல் முதல் பார்வை சராசரியாக 7.4 நொடி நிலைத்ததாம். 2012இல் அவர்களே செய்த ஆய்வில் அது சுமார் 6 நொடி. முதல் வடிகட்டலில் அவ்வளவுதான் நேரம். ஆகவே முக்கியமானது பக்கத்தின் மேல் பாதியில் இருக்கட்டும். பெயர், தொடர்பு விவரம், பிறகு படிப்பு, அதன் பின் அந்த வேலைக்கு மிகவும் நெருக்கமான இரண்டு மூன்று சான்றுகள்.

'கடின உழைப்பாளி', 'குழுவாக இயங்குபவர்', 'விரைவில் கற்பவர்' போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். எல்லா ரெஸ்யூமேயிலும் இவை இருப்பதால் படிப்பவர் கண்ணில் படுவதே இல்லை. அந்த இடத்தில் ஒரு எண்ணோ, ஒரு பொருளோ, ஒரு முடிவோ இருக்கட்டும். எண் இல்லையென்றால் கற்பனை செய்யாதீர்கள். எத்தனை பேர், எத்தனை வாரம், எவ்வளவு அடிக்கடி என்று கேட்டுப் பார்த்தால் உண்மையான எண்ணே ஒன்று அகப்படும்.

ஏ.டி.எஸ். பற்றி நிறைய பயம் பரவியிருக்கிறது. பல நிறுவனங்கள் விண்ணப்பங்களைச் சேமித்து, தேடி எடுக்கப் பயன்படுத்தும் மென்பொருள் அது. 'இந்த வேலைக்கான உரிமம் இருக்கிறதா?', 'உடனே சேர முடியுமா?' போன்ற கேள்விகளுக்கு விண்ணப்பத்தில் நீங்கள் தரும் பதிலை வைத்து அது தானாகவே விலக்கிவிடலாம். அதனால் அந்தக் கேள்விகளை அவசரத்தில் தட்டிவிடாதீர்கள். மற்றபடி, ஆள் எடுப்பவர் ஒரு சொல்லைத் தேடும்போது உங்கள் ரெஸ்யூமே அகப்பட வேண்டும், அவ்வளவுதான். விளம்பரம் 'தரக் கட்டுப்பாடு' என்று சொன்னால், நீங்கள் அதையே செய்திருக்கும் பட்சத்தில், அதே சொல்லை எழுதுங்கள். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரிப்பது, படத்துக்குள் எழுத்து, நட்சத்திரம் போட்டுத் திறமையைக் காட்டுவது, இவற்றையெல்லாம் மென்பொருள் குழப்பிக்கொள்ளக்கூடும். சாதாரண எழுத்துரு, தெளிவான தலைப்புகள், பி.டி.எஃப். கோப்பு, கோப்பின் பெயரில் உங்கள் பெயர். போதும்.

ஒவ்வொரு வேலைக்கும் ரெஸ்யூமேயைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று சொன்னால் சலித்துக்கொள்கிறார்கள். 1482 வாக்கில், முப்பது வயதில், லியோனார்டோ டா வின்சி மிலான் நகரின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். அதன் வரைவு இன்றும் இருக்கிறது. அதில் வரிசையாக எண் போட்டு, எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள், கவச வண்டிகள் என்று போருக்கு வேண்டியவற்றையே சொல்லிக்கொண்டு போகிறார். ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில் வருகிறது. எதிரில் இருப்பவருக்கு அப்போது எது தேவை என்று பார்த்து வரிசையை அமைத்திருக்கிறார். நீங்கள் மாற்ற வேண்டியதும் அந்த வரிசைதான். பத்து பதினைந்து நிமிட வேலை.

ஏ.ஐ. கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்துப் பிழை பார்க்க, நீளத்தைக் குறைக்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அதுவே எழுதிக்கொடுத்த வரியை அப்படியே வைத்தால், நேர்காணலில் "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கும்போது வாய் அடைத்துவிடும். நான் கேட்டிருக்கிறேன், அடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்காக மற்ற உண்மையான வரிகள் மேலும் நம்பிக்கை போய்விடுகிறது.

கவர் லெட்டர், அதாவது ரெஸ்யூமேயுடன் சேர்த்து அனுப்பும் கடிதம், கேட்டால் மட்டும் எழுதுங்கள். அரைப் பக்கம். இந்த வேலை ஏன், இதற்கு நான் ஏன் பொருத்தம், இதோ ஒரு சான்று.

எங்கே தேடுவது

வேலைவாய்ப்புத் தளங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. புதிய விளம்பரம் வந்தால் உங்களுக்குத் தெரிவிக்கும்படி அவற்றில் அலர்ட் வைத்துக்கொண்டு, விளம்பரம் வந்த ஓரிரு நாளில் அனுப்புங்கள். ஒரு விளம்பரம் பிடித்திருந்தால் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், வேலை உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் அங்கேயே விண்ணப்பியுங்கள். கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு படிப்பு முடிந்த பிறகும் உதவக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நான் அதிகம் வற்புறுத்துவது மனிதர்களிடம் பேசுவதை. 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிதாக வேலை மாறியவர்களில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்று சொன்னவர்கள் சுமார் 17 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55 சதவீதத்துக்கு மேல். மிக அரிதாக என்றவர்கள் சுமார் 28 சதவீதம். நெருங்கிய நண்பர்கள் உங்களைப் போலவே அதே வட்டத்தில் சுற்றுகிறார்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். புதிய செய்தி சற்று தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வருகிறது. 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் கவனித்து, ஓரளவே பழக்கமுள்ளவர்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகிறார்கள் என்று மறுபடியும் காட்டியது.

அதாவது இரண்டு வகுப்பு முன்னால் படித்த அக்கா, இன்டர்ன்ஷிப்பில் ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணன், அப்பாவின் பழைய நண்பர், கருத்தரங்கில் ஒருமுறை பேசியவர். இவர்களிடம் வேலை கேட்க வேண்டாம். வேலையைப் பற்றிக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். நீங்கள் படித்த அதே துறையில் இந்த ஆண்டு படிப்பை முடித்தேன். தரக் கட்டுப்பாட்டு வேலைகளுக்கு முயன்று வருகிறேன். நீங்கள் அந்த வேலையில் இருப்பதைப் பார்த்தேன். சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் எது கடினமாக இருந்தது, நான் இப்போதே எதைக் கற்றுக்கொண்டால் உதவும் என்று கேட்க ஆசை. 15 நிமிடம் பேச வசதிப்படுமா? நேரமில்லை என்றால் இரண்டு வரி எழுதினாலும் பெரிய உதவி."

பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு மூன்று பேர் பதில் சொல்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லாதவர்கள் உங்களை வெறுப்பவர்கள் அல்ல, வேலையில் மூழ்கியவர்கள். பேசக் கிடைத்தவரிடம் 15 நிமிடம் என்றால் 15ஆவது நிமிடம் நன்றி சொல்லி முடியுங்கள். 'வேறு யாரிடம் பேசினால் நல்லது என்று நினைக்கிறீர்கள்?' என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும்.

அனுப்பியவற்றை ஓர் அட்டவணையில் குறித்து வையுங்கள். நிறுவனம், வேலையின் பெயர், தேதி, எந்த ரெஸ்யூமே, யாரிடம் பேசினேன், அடுத்து என்ன. விளம்பரத்தின் நகலையும் சேமித்துக்கொள்ளுங்கள். நேர்காணலுக்கு அழைக்கும் நேரத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டிருப்பார்கள்.

பணம் கேட்டால் நிறுத்துங்கள்

அவசரத்தில் இருப்பவரைத்தான் ஏமாற்றுபவர்கள் தேடுகிறார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கணினிக்கு முன்பணம், எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குச் சம்பளம் தர வேண்டியவர். வேலை தேடித்தரும் தனியார் ஏஜென்சிகள் தொழிலாளர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 181) பொது விதியாகவே வைத்திருக்கிறது. நேர்காணலே இல்லாமல் ஆஃபர் வருவது, நிறுவனத்தின் பெயர் இருந்தும் மின்னஞ்சல் இலவச முகவரியிலிருந்து வருவது, சாட் செயலியில் மட்டும் பேசுவது, வங்கிக் கணக்கின் ஓ.டி.பி. கேட்பது, எல்லாம் ஒரே ரகம். சந்தேகம் வந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் எண்ணை நீங்களே தேடி அழைத்து விசாரியுங்கள். மின்னஞ்சலில் கொடுத்த எண்ணை அழைக்காதீர்கள்.

நேர்காணலுக்குத் தயாராவது

பொதுவாக முதலில் ஒரு போன் பேச்சு, பிறகு தேர்வோ, செய்து காட்டச் சொல்லும் ஒரு சின்ன வேலையோ, அதன் பின் அந்தப் பிரிவின் மேலாளர், கடைசியில் எச்.ஆர். வரிசை இடத்துக்கு இடம் மாறும். அழைத்தவரிடமே 'எத்தனை சுற்று, யார் பேசுவார்கள், எவ்வளவு நேரம்?' என்று கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. பாதிப் பேர் கேட்பதே இல்லை.

1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணல், போகிற போக்கில் பேசும் நேர்காணலைவிட நன்றாக ஆளைக் கணிக்கிறது என்று காட்டினார்கள். இன்று பல நிறுவனங்கள் அந்த வழியில்தான் கேட்கின்றன. 'ஒரு குழுவில் கருத்து வேறுபாடு வந்த சமயத்தைச் சொல்லுங்கள்', 'கெடு தவறிய ஒரு சம்பவம் சொல்லுங்கள்' என்று வருவது அதனால்தான். எதிரில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கிறது. 'நான் எப்போதும் எல்லோருடனும் ஒத்துப்போவேன்' என்ற பதிலுக்கு அந்தத் தாளில் எழுத ஒன்றும் இருக்காது. நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் எழுத இருக்கும். நிலைமை, என் பொறுப்பு, நான் செய்தது, முடிவு என்ற வரிசையில் சொல்லச் சொல்வார்கள். ஸ்டார் முறை என்று அதற்குப் பெயர். அதில் 'நான் செய்தது' மட்டும் பாதி நேரம் எடுக்கட்டும். புதியவர்கள் பலர் நிலைமையை விவரிப்பதிலேயே இரண்டு நிமிடத்தைக் கழித்துவிட்டு, 'அப்புறம் முடித்துவிட்டோம்' என்று நிறுத்திவிடுகிறார்கள். 'முடித்தோம்' சரி, அதில் நீங்கள் யார்?

வேதியியல் பெண்ணிடம் நேர்காணலில் கேட்டது, தவறு செய்த ஒரு சம்பவம். அவர் அதே ஆய்வகக் கதையைச் சொன்னார். முதல் பட்டியலில் ஆறு பொருட்களின் எண்ணிக்கை தப்பாக இருந்தது, பக்கத்து அறை அலமாரியில் சில பாட்டில்கள் இருப்பது தெரியாமல் விட்டுவிட்டேன், ஆசிரியர் கண்டுபிடிப்பதற்கு முன் நானே போய்ச் சொன்னேன், அதற்குப் பிறகு எண்ணி முடித்த ஒவ்வொரு அலமாரியிலும் தேதி எழுதிய சீட்டு ஒட்டினேன். இவ்வளவுதான். எதிரில் இருந்தவர் அந்தச் சீட்டைப் பற்றி மட்டும் மூன்று கேள்வி கேட்டாராம். தவறே செய்யாதவரை யாரும் தேடவில்லை. தவறை எப்படிக் கையாளுகிறார் என்பதுதான் தெரிய வேண்டும்.

இந்தச் சம்பவங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல்முறை கேட்க யாருக்கும் பிடிக்காது. மூன்றாவது முறை தானாகவே திருந்தும். ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்குள் முடியட்டும். மனப்பாடம் செய்ய வேண்டாம். சம்பவத்தின் நான்கைந்து முடிச்சுகள் நினைவில் இருந்தால் சொற்கள் அந்த நேரத்தில் வரும்.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வி நிச்சயம் வரும். பள்ளியிலிருந்து தொடங்கி வாழ்க்கை வரலாறு சொல்ல வேண்டியதில்லை. இப்போது எங்கே நிற்கிறேன், இதற்கு என்னைக் கொண்டுவந்த ஒரு அனுபவம், இந்த வேலை ஏன். ஒரு நிமிடம். உதாரணமாக: "இந்த ஆண்டு வேதியியல் முடித்தேன். கடைசி ஆண்டில் எங்கள் ஆய்வகத்தின் இருப்புப் பட்டியலை நானே எடுத்துச் சீர்செய்தேன். அப்போதுதான் ஒழுங்குபடுத்துவதும் பிழை கண்டுபிடிப்பதும் எனக்குப் பிடித்த வேலை என்று தெரிந்தது. உங்கள் விளம்பரத்தில் மாதிரிகளைப் பதிவு செய்வதும் சரிபார்ப்பதும் தினசரி வேலை என்று இருந்தது. அதனால்தான் விண்ணப்பித்தேன்."

நிறுவனத்தைப் பற்றி ஒரு மணி நேரமாவது படியுங்கள். என்ன விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், அண்மையில் என்ன அறிவித்தார்கள். அதன் பொருளையோ செயலியையோ பயன்படுத்திப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

அந்த அறையில்

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். காணொலி வழி என்றால் முந்தைய நாளே இணைப்பைச் சோதித்து, வெளிச்சம் முகத்தின் மேல் விழும்படி உட்காருங்கள், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். இணைப்பு அறுந்தால் அழைக்க ஒரு போன் எண்ணை முன்பே கேட்டு வையுங்கள். உடை அந்த இடத்தில் வேலை பார்ப்பவர்களைவிடக் கொஞ்சம் நேர்த்தியாக இருந்தால் போதும்.

தெரியாத கேள்வி வரும். என் முதல் நேர்காணலில் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் பேசினேன். அடுத்த கேள்வியிலேயே அது தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு உண்மையாகவே தெரிந்தவற்றைச் சொன்னபோதும் அவர் முகத்தில் நம்பிக்கை திரும்பவில்லை. அது இன்னும் நினைவில் இருக்கிறது. இப்படிச் சொல்லியிருக்கலாம்: "இதை நான் பயன்படுத்தியதில்லை. இதற்கு நெருக்கமான ஒன்றை இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை நான் முதலில் இதைச் சரிபார்ப்பேன், பிறகு இதை..." தெரியாது என்பதோடு நிறுத்தாமல், எப்படித் தேடுவீர்கள் என்பதைக் காட்டுங்கள். சந்தேகப் பட்டியலில் 'புரியாதபோது கேட்பாரா?' என்று ஒன்று இருந்ததல்லவா, அதற்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

தாய்மொழி அல்லாத மொழியில் நேர்காணல் என்றால் பயம் இரட்டிப்பாகும். சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள், அல்லது "நீங்கள் கேட்பது இதுதானா?" என்று உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள். யோசிக்க ஐந்து நொடி எடுத்துக்கொண்டால் யாரும் குறைவாக நினைப்பதில்லை. இலக்கணப் பிழைக்காக நான் யாரையும் ஒதுக்கியதில்லை. வேகமாகப் பேசி ஒன்றுமே சொல்லாமல் போனவர்களை ஒதுக்கியிருக்கிறேன்.

பலவீனம் என்ன என்று கேட்டால் 'அதிகம் உழைப்பது' என்று சொல்லாதீர்கள். வேலையைக் கெடுக்காத, ஆனால் உண்மையான ஒன்றையும், அதற்கு இப்போது என்ன செய்துவருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

சம்பளம் பற்றிய கேள்விக்கு, அந்த ஊரில் அந்த வேலைக்குப் புதியவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று முன்பே விசாரித்து வையுங்கள். "இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம். எண் சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஒரு வரம்பைச் சொல்லுங்கள், அதன் கீழ் எல்லை நீங்கள் உண்மையிலேயே ஏற்றுக்கொள்ளக்கூடியதாக இருக்கட்டும்.

கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். 'இல்லை' என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் நான் என்ன செய்திருந்தால் நன்றாகச் செய்கிறார் என்று நினைப்பீர்கள்? புதியவருக்கு வேலை சொல்லித்தருவது யார்? இந்த வேலையில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே? இவற்றுக்கு வரும் பதிலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கும் தெரியும். நீங்களும் அவர்களைத் தேர்ந்தெடுக்கத்தான் போயிருக்கிறீர்கள்.

முடிந்த பிறகு

அன்றே நான்கு வரி நன்றி மின்னஞ்சல் அனுப்புங்கள், பேசியதில் குறிப்பான ஒன்றைச் சொல்லி. கேட்ட கேள்விகளையும், தடுமாறிய இடங்களையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள். சொன்ன தேதி கடந்து இரண்டு மூன்று வேலை நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் ஒருமுறை விசாரிக்கலாம். அதற்கும் பதில் வரவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

நிராகரிப்பு வரும், பலமுறை வரும், காரணம் சொல்லாமலே வரும். அந்த இடத்துக்கு உள்ளேயே ஆள் இருந்திருக்கலாம், பணம் ஒதுக்கீடு நின்றுபோயிருக்கலாம். எங்கே தடைபடுகிறது என்று மட்டும் அட்டவணையைப் பாருங்கள். முப்பது அனுப்பியும் ஓர் அழைப்பு கூட இல்லை என்றால் ரெஸ்யூமேயையும், எந்த மாதிரி வேலைகளுக்கு அனுப்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள். அழைப்பு வந்து முதல் சுற்றிலேயே நின்றால் பேச்சுப் பயிற்சி தேவை. கடைசிச் சுற்று வரை போய் நின்றால் பெரும்பாலும் நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள், தொடருங்கள்.

வாய்மொழியாக வேலை உறுதி என்றாலும் எழுத்தில் வரும்வரை மற்ற நேர்காணல்களை நிறுத்தாதீர்கள். ஆஃபர் லெட்டர் வந்ததும் கையெழுத்துக்கு ஒன்றிரண்டு நாள் கேளுங்கள். கையில் வரும் சம்பளம் எவ்வளவு, அதில் எது நிச்சயம், எது செயல்திறனைப் பொறுத்தது, புரொபேஷன் (வேலையை உறுதி செய்வதற்கு முந்தைய சோதனைக் காலம்) எத்தனை மாதம், நோட்டீஸ் பீரியட் (விலகுவதை எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது) எவ்வளவு, இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று பாண்ட் இருக்கிறதா, வேலை நேரம் என்ன என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். புரியாததை எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். அசல் சான்றிதழ்களையோ பாஸ்போர்ட்டையோ யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அசலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்குங்கள், நகலை மட்டும் கொடுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கிறது.

சேரும் தேதி உறுதியானதும், இன்னும் சுற்றில் இருக்கும் மற்ற நிறுவனங்களுக்கு விலகுவதாக இரண்டு வரி எழுதிவிடுங்கள். அப்புறம், அன்று 15 நிமிடம் பேசிய அந்த அக்காவுக்கும் அண்ணனுக்கும் செய்தி சொல்லுங்கள். என்ன ஆனதோ என்று அவர்களும் இடையிடையே நினைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.